யாழ்ப்பாணத்தில் வெள்ளமும் வறட்சியும்: காரணங்கள், விளைவுகள், கையாளும் முறைகள் – ஒரு முழுமையான வழிகாட்டி

வற்றாத ஆறோ மலையோ பெரிய நீர்த்தேக்கமோ இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு வானத்தை நம்பியே வாழ்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான மூன்று மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. அந்த மழையில் நிலத்துக்குள் இறங்கியது போக எஞ்சியது வளவுகளிலும் ஒழுங்கைகளிலும் தேங்கி நின்று, மெல்ல மெல்லக் கடனீரேரிக்கும் கடலுக்கும் போய்ச் சேர்கிறது. மார்கழியில் வடிந்துபோகட்டும் என்று நாம் விட்ட நீரைத்தான் ஆவணியில் பவுசருக்குக் காத்திருந்து வாளியில் ஏந்துகிறோம். ஆகையால் வெள்ளத்துக்கு ஒரு திட்டம், வறட்சிக்கு வேறொரு திட்டம் என்று பிரித்து வைப்பது இந்த நிலத்துக்குப் பொருந்தாது. மாரியில் எவ்வளவு நீரை, எவ்வளவு சுத்தமாக நிலத்துக்குள் இறக்கினோம் என்பதே கோடையைத் தீர்மானிக்கிறது. இந்த வழிகாட்டியும் அந்த ஒழுங்கிலேயே, முதலில் நிலத்தின் இயல்பையும் பின்னர் ஆண்டின் காலங்களுக்கு ஏற்ப ஒவ்வொரு படியையும் விளக்குகிறது.

நிலத்தடியில் இருப்பது என்ன?

குடாநாட்டின் அடியில் இருப்பது வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்த சுண்ணாம்புக் கல். மழைநீர் அந்த வெடிப்புகள் வழியே விரைவாக இறங்கி, கீழேயுள்ள உவர் நீருக்கு மேலே ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நன்னீர் கடல்நீரைவிடப் பாரம் குறைந்தது என்பதால் இது நிகழ்கிறது. வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய ஒவ்வொன்றின் கீழும் இவ்வாறான நீர்ப்படை உண்டு. நிலாவரைக் கிணற்றில் மேற்பகுதி நல்ல நீராகவும் ஆழம் செல்லச் செல்ல உவராகவும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று.

இந்த அமைப்பில் ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், அதைத் தாங்கியபடி கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கக்கூடும். மேலே 1 அடி குறைந்தால், கீழிருந்து உவர் நீர் 40 அடி மேலேறி வர இடம் உண்டாகிறது. கிணற்றில் நீர் மட்டம் ஒரு முழம் இறங்கியிருப்பதைப் பார்த்து "இன்னும் தண்ணீர் இருக்கிறதே" என்று ஆறுதல் கொள்ளும்போது, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் அதைவிடப் பல மடங்கு இழப்பு நடந்துகொண்டிருக்கலாம். உவர் ஏறிய கிணறு ஒரு மாரியோடு சீராகும் என்று உறுதி சொல்ல முடியாது.

வெள்ளம் ஏன் வடிவதில்லை?

மலைநாட்டில் வருவதுபோல இங்கே வெள்ளம் பாய்ந்து வருவதில்லை; வந்தது போகாமல் நின்றுவிடுகிறது. வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கம் குடாநாட்டுக்கு அண்மையில் மெதுவாக நகரும்போது, பல கிழமைகளில் பெய்ய வேண்டிய மழை ஓரிரு நாட்களிற் கொட்டிவிடும். 2008 நவம்பரில் நிஷா புயல், 2020 டிசெம்பரில் புரேவி, 2024 நவம்பரில் ஃபெங்கல் என்று அண்மைக் காலப் பெருவெள்ளங்கள் அனைத்தும் இவ்வாறு வந்தவையே. நிலம் ஏறக்குறையத் தட்டையாக இருப்பதால் நீருக்கு ஓட்டம் இல்லை. கார்த்திகைக் கடைசியில் நிலத்தடி நீரும் மேலெழுந்து நிற்பதால், தாழ்வான இடங்களில் கிணறு நிரம்பிக் கட்டு மட்டத்துக்கு வந்துவிடுகிறது. அதன்பின் பெய்வதை நிலம் ஏற்காது. வாடைக்காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளும் நாட்களில் கடனீரேரியின் மட்டமும் உயர்ந்து, வாய்க்கால்களின் வாயிலேயே நீர் தடைப்படுகிறது.

இவையெல்லாம் இயற்கை. இதற்கு மேலே நாம் சேர்த்த காரணங்கள் கனதியானவை. வயலும் தரவையும் நிரவப்பட்டு வீட்டு நிலமாகின. பனையோலை வேலியும் கதியால் வேலியும் இருந்த இடத்தில் நீர் புகாத மதில்கள் எழுந்தன. வீதிகள் ஒவ்வொரு முறை திருத்தப்படும்போதும் உயர்த்தப்பட, இரு பக்கத்து வளவுகளும் பள்ளமாகிவிட்டன. ஒழுங்கை முடிவிலுள்ள ஒரு சிறு மதகைக் குனிந்து பார்த்தால் நிலைமை விளங்கும். வாயில் அரைவாசிக்கு மேல் செம்மண் படிந்திருக்கும். அதன்மேல் கோம்பையும் பிளாஸ்ரிக் போத்தல்களும் யோகட் கோப்பைகளும் ஒரு கிழிந்த உரப்பையும் அடைந்து கிடக்கும். மறுபக்கத்தில் யாரோ தமது வாசலுக்குக் கொட்டிய கொங்கிறீற் வாய்க்காலை முழுவதுமாக மூடியிருக்கும். அந்த ஒரு மதகு, மேலேயுள்ள இருபது வீட்டு முற்றங்களின் வெள்ளத்துக்குப் போதுமான காரணம்.

நம் முன்னோர் நீரை இவ்வாறு விடவில்லை. குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும் கேணிகளும் குட்டைகளும், ஒன்று நிரம்பி மற்றொன்றுக்கு வழியும்படி வெள்ளவாய்க்கால்களால் தொடுக்கப்பட்டிருந்தன. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி வழியிலுள்ள குளங்களை இணைத்துக்கொண்டு அராலியில் கடனீரேரியைச் சேரும் வழுக்கை ஆறு அந்த ஒழுங்கின் எஞ்சிய பெரிய சான்று. மாரியில் மட்டும் ஓடும் அந்த ஆற்றைக் கழிவுநீர் வாய்க்காலாக எண்ணுவோர் பெருகியிருப்பது வேதனைக்குரியது.

வறட்சி எங்கிருந்து வருகிறது?

தை பிறந்தபின் மழை அரிது. வைகாசி முதல் வீசும் சோழகம் வறண்ட காற்று. குளத்து நீரையும் மண்ணின் ஈரத்தையும் அது விரைவாக உறிஞ்சிவிடும். இது ஆண்டுதோறும் வரும் கோடை. இது வறட்சியாக மாறுவது முந்திய மாரி பொய்க்கும்போதுதான். பசிபிக் சமுத்திரத்தின் நடுவும் கிழக்கும் வழமையைவிடச் சூடாகும் எல் நினோ என்றதும் பலர் வறட்சியை எதிர்பார்க்கின்றனர். ஆனால் இலங்கையின் ஐப்பசி முதல் மார்கழி வரையான மழையை எல் நினோ பெரும்பாலும் கூட்டவே செய்கிறது. அதற்கு எதிரான, அந்தச் சமுத்திரம் குளிர்ந்திருக்கும் லா நினா நிலவும் ஆண்டுகளிலும், இந்து சமுத்திரத்தின் கிழக்குப் பக்கம் வழமையைவிடச் சூடாகி மேற்குப் பக்கம் குளிர்ந்திருக்கும் ஆண்டுகளிலும் அந்த மழை குறையும் வாய்ப்பு அதிகம். 2016 இன் இறுதியில் மழை பொய்த்ததன் விளைவாகவே 2017 இல் நாடு கடும் வறட்சியைக் கண்டது.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனித வலுவே ஓர் எல்லையாக இருந்தது. இறைப்பு இயந்திரம் வந்தபின் அந்த எல்லை இல்லை. ஒரே நேரத்தில் அயலிலுள்ள பத்துக் கிணறுகளில் இயந்திரம் ஓடினால், ஒவ்வொருவரும் தமது கிணற்றிலிருந்து இறைப்பதாக எண்ணினாலும் உண்மையில் இறைபடுவது ஒரே நீர்ப்படை.

முதற்படி: ஆவணி, புரட்டாதியில் நீர்வழியைத் திறத்தல்

மழை தொடங்கியபின் மண்வெட்டி தூக்குவது பிந்திய வேலை. நிலம் காய்ந்திருக்கும் ஆவணியிலேயே சனசமூக நிலையத்தில் ஊரவர் கூடி, தமது பகுதியின் நீர் எந்த வளவிலிருந்து எந்த ஒழுங்கை வழியே எந்தக் குளத்துக்குப் போகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுதல் வேண்டும். இதற்கு ஊரின் மூத்தவர்களே தகுந்த வழிகாட்டிகள்; மதிலுக்குள் மறைந்துபோன வாய்க்கால்களையும் நிரவப்பட்ட குட்டைகளையும் அவர்களே காட்டுவார்கள். பின்னர் மதகுகள் ஒவ்வொன்றையும் பார்த்து, ஊரவர் சிரமதானத்தால் செய்யக்கூடியதையும் இயந்திரம் வேண்டியதையும் பிரித்து, பின்னதைப் பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ எழுத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டமைக்கான சான்றை வாங்கிவைக்க வேண்டும். குளங்களும் வாய்க்கால்களும் எல்லாம் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் இல்லை. சில உள்ளூராட்சிச் சபைக்கும், சில கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், கேணிகள் பல கோயில்களுக்கும் உரியவை. உரிய இடத்துக்கு எழுதாத கடிதம் ஒரு மாரியை வீணாக்கிவிடும்.

குளத்தை ஆழமாக்கும்போது ஒரு கவனம் தேவை. வண்டல் அகற்றப்பட வேண்டும். அதற்குமேல் அடிக் கல்லை உடைத்து ஆழமாக்கினால், கோடையில் கீழிருந்து உவர் ஏறக்கூடும். கரையைச் சுற்றிச் சீமெந்தினால் அழகுபடுத்தி, நீர் வரும் வாயை அடைத்துவிடுவதும் பயனற்றது. நீர் வந்து சேரும் வழி இல்லாத குளம் வெறும் பள்ளமே.

வெள்ளத்தை நேரே கடலுக்குக் கொண்டுபோகும் அகன்ற வடிகால்களைக் கேட்டு மனுக் கொடுப்பதைவிட, குளத்துக்குத் திருப்பி, குளம் நிரம்பி வழிவதை மட்டும் கடலுக்கு விடும்படி கேட்பதே இந்த மண்ணுக்கு ஏற்றது. நாவாந்துறை, பொம்மைவெளி போன்ற கரையோரத் தாழ்நிலங்கள் இதற்கு விலக்கு. அங்கே இறங்க இடமில்லாத நீரை வெளியேற்றித்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் படி: வீட்டையும் வளவையும் ஆயத்தப்படுத்துதல்

1 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர். 80 சதுர மீற்றர் கூரை உள்ள ஒரு வீட்டின் மேல் ஆண்டில் விழும் மழை ஏறத்தாழ 100,000 லீற்றர். நால்வர் உள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 20 லீற்றர் எடுத்தால், 5,000 லீற்றர் தொட்டி ஒன்று 250 நாட்களுக்குப் போதும். கரையோரத்திலும் தீவகத்திலும் உள்ள வீடுகளுக்கு இதைவிட உறுதியான கோடைச் சேமிப்பு வேறில்லை. முதல் மழையில் கூரையின் தூசும் பறவை எச்சமும் கழுவி வரும். ஆதலால் சதுர மீற்றருக்கு 1 லீற்றர் வீதமாவது தொட்டிக்குள் விடாமல் வெளியேற்ற வேண்டும். தொட்டிக்கு நுளம்பு புகாத வலையும் வெளிச்சம் படாத மூடியும் கட்டாயம்.

தொட்டி நிரம்பியபின் வரும் கூரைநீரை கல்லும் மணலும் இட்ட ஒரு குழிக்குள் விடலாம். அந்தக் குழி மலசலகூடக் குழிக்கு அருகில் இருக்கக் கூடாது. வீதிநீரையும் முற்றத்து நீரையும் பாழ்கிணற்றுக்குள் நேரே விடுவதை நிலத்தடி நீரைக் கூட்டும் வழியாகச் சிலர் செய்கின்றனர். மண் வடிகட்டாத அந்த நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பு வழியே அயலவரின் குடிகிணற்றுக்குள் போய்விடும் என்பதால் இதைச் செய்யவே கூடாது. நான்கு பரப்புக் காணியில் (ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர்) 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 100,000 லீற்றர் நீர் விழுகிறது. அதை மரத்தடிப் பாத்திகளிலும் தாழ்ந்த மூலையிலும் தேக்கி மண் வழியாக இறங்கவிடுவதே பாதுகாப்பானது. முற்றம் முழுவதும் சீமெந்துக் கல் பதித்தவர்கள் இந்த வசதியை இழந்துவிடுகின்றனர்.

கிணற்றுக் கட்டு கடந்த பெருவெள்ளத்தின் மட்டத்துக்கு மேலே இருக்கும்படி உயர்த்தி, வெடிப்புகளைப் பூசி, சுற்றிவரச் சீமெந்துத் தளம் இட வேண்டும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடியாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. வெடிப்புள்ள கல்லில் அதுவும் போதாத இடங்கள் உண்டு. புதிதாகக் கட்டுவோர் அடியும் பக்கமும் பூசிய தொட்டியை அமைப்பதே நல்லது.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம், தொடர்ந்து எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றை நீர் புகாத பையில் இட்டு, கைக்கெட்டும் உயரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: வெள்ளம் நிற்கும் நாட்களில்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை வானொலியிலோ அதன் சொந்த வெளியீட்டிலோ பார்க்க வேண்டும். கைபேசியில் பரவும் பழைய படங்களை நம்பிப் புறப்படவோ தங்கிவிடவோ கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அழைப்பு இலக்கம் 117. மின்கம்பி அறுந்து கிடந்தால் 1987. அவசர நோயாளர் வண்டிக்கு 1990. நீர் முற்றத்துக்கு வரும்போதே மெயின் சுவிச்சை நிறுத்திவிட வேண்டும். நீரில் நின்றுகொண்டு அதைத் தொடுவது உயிராபத்து.

வெளியேற வேண்டியிருந்தால் கிராம அலுவலரிடம் பெயர் பதிந்து செல்ல வேண்டும். முதியோர், கர்ப்பிணிகள், குழந்தைகள் உள்ள வீடுகள் இரவாகும் முன்னரே புறப்படட்டும். கட்டிய மாட்டையும் ஆட்டையும் அவிழ்த்து மேட்டு நிலத்துக்கு அனுப்பாமல் போவது பெரும் பாவம்.

வெள்ளத்தில் இருப்பிடம் இழந்த பாம்புகள் திண்ணையிலும் விறகுக் குவியலிலும் ஏறும். குடாநாட்டில் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் உண்டு. கடிபட்டால் கயிற்றால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து உடனே அரச மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நான்காம் படி: வெள்ளம் வடிந்தபின் கிணறும் உடல்நலமும்

இதுவே அதிகம் தவறு நேரும் இடம். வெள்ளம் புகுந்த கிணற்றை முழுவதுமாக இறைத்துவிட வேண்டும் என்று அவசரப்படுவது இயல்பு. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையில் கிணறுகளை அவ்வாறு இறைத்தபோது, பல இடங்களில் கீழிருந்த உவர் மேலேறியது. ஆகவே கரையோரக் கிணறுகளை ஒட்ட இறைக்கக் கூடாது. மிதக்கும் குப்பையை அள்ளி, கலங்கலைச் சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு இறைத்து, பின்னர் குளோரின் இட வேண்டும்.

குளோரின் அளவுக்குக் கிணற்று நீரின் கன அளவு தேவை. 3 மீற்றர் குறுக்களவுள்ள வட்டக் கிணற்றில் 2 மீற்றர் நீர் நின்றால், ஆரை 1.5 ஐ அதனாலேயே பெருக்கி, 3.14 ஆலும் 2 ஆலும் பெருக்க 14.1 கன மீற்றர், அதாவது ஏறத்தாழ 14,000 லீற்றர் வரும். இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு பொதுச் சுகாதார பரிசோதகரிடம் சென்றால் எவ்வளவு குளோரின் தூள் என்பதை அவர் சொல்வார். தூளின் வலு நாட்படக் குறைவதால் பழைய பொதியை வைத்துக் கண்மதிப்பில் இடுவது பயன் தராது. இட்டபின்னும் சில கிழமைகள் நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

தோட்டங்கள் செறிந்த வலிகாமத்தில் யூரியாவிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் நைத்திரேற்று நிலத்தடி நீரில் சேர்ந்துள்ளது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. நைத்திரேற்றைக் குளோரின் அகற்றாது; கொதிக்கவைப்பது அதன் செறிவைக் கூட்டவே செய்யும். பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தை உள்ள வீடு, பரிசோதித்த நீரையோ மழைநீரையோ பயன்படுத்த வேண்டும்.

2024 டிசெம்பரில், வெள்ளத்தைத் தொடர்ந்து வடமராட்சியில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்ததை மறக்கலாகாது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு இறங்கும் விவசாயிகளும் துப்புரவுப் பணி செய்வோரும் முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை கேட்டுப் பெறலாம். காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் சேர்ந்து வந்தால் பனடோலோடு வீட்டிலிருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். டெங்கு நுளம்பு பெருகுவதும் இதே கிழமைகளில்தான்.

வயலில் வெள்ளம் நின்றிருந்தால் அது வடியும் முன்னரே திகதி தெரியும்படி படம் எடுத்து, கமநல சேவை நிலையத்துக்கு உடனே அறிவித்தால்தான் காப்புறுதி இழப்பீட்டுக்கு வழி உண்டு. கடல்நீர் ஏறும் வயல்களுக்கு ஏ.ரி. 354 போன்ற உவர் தாங்கும் நெல்லினத்தை அடுத்த காலபோகத்துக்குக் கேட்டு வைப்பது நல்லது.

ஐந்தாம் படி: தை முதல் அளந்து இறைத்தல்

கிணற்றுக் கட்டில் ஒரு புள்ளியைத் தீந்தையால் குறித்து, கல் கட்டிய கயிற்றை அதிலிருந்து இறக்கி, மாதம் ஒருமுறை ஒரே நாளில், விடியற்காலையில் இறைப்புக்கு முன் நீர் மட்டத்தை அளந்து கொப்பியில் எழுத வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகள் எழுதினால், பங்குனி அளவைப் பார்த்தே ஆவணி எப்படியிருக்கும் என்று சொல்லிவிடலாம்.

மூன்று மணித்தியாலம் தொடர்ந்து இறைப்பதைவிட, காலையும் மாலையுமாகப் பிரித்து மெதுவாக இறைத்தால் உவர் ஏறுவது குறையும். அயல் தோட்டக்காரர் நாள் மாறி இறைத்தால் இன்னும் நல்லது. வெங்காயப் பாத்திக்கு வாய்க்காலில் விடும் நீரிற் கணிசமான பங்கு செம்மண்ணில் வேருக்குக் கீழே இறங்கி, உரத்தையும் கழுவிச் செல்கிறது. தூவல் முறையோ, மிளகாய், கத்தரிக்குச் சொட்டு நீர்ப்பாசனமோ இரண்டையும் மிச்சப்படுத்தும்.

கடனீரேரிகளின் வாயிலுள்ள தொண்டைமானாறு, அரியாலைத் தடுப்பணைகளைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மாரி வெள்ளத்தை வெளியேற்றக் கதவு திறப்பதும், வெள்ளம் தணியும் தறுவாயில் மூடிக் கடல்நீரைத் தடுத்து உள்நீரைத் தேக்குவதும் அவற்றின் வேலை. பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்னும் திட்டம், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்கும் உப்பாற்றுக் கடனீரேரிக்கும் கொண்டுசெல்ல எண்ணியது. அது முழுமை பெறவில்லை. கதவுகளைப் பிந்தித் திறந்தால் வயல் அழியும். பிந்தி மூடினால் தேங்க வேண்டிய நன்னீர் போய்விடும். இதனால் கதவு திறக்கும் முடிவில் மீனவர், விவசாயிகள் இரு பகுதியினரும் அமர வேண்டும்.

ஆறாம் படி: ஆனி முதல் ஆவணி வரை

கோடையில் நீரைத் தரம் பிரித்துப் பயன்படுத்த வேண்டும். மழைநீர்த் தொட்டியும் நல்ல கிணறும் குடிக்கவும் சமைக்கவும். சவர் கிணறு குளிக்கவும் துவைக்கவும். துவைத்த நீர் வாழைக்கும் தென்னைக்கும். தென்னையடியில் பொச்சு புதைத்தால் ஈரம் நிற்கும். வைக்கோலைத் தை மாசி அறுவடையிலேயே போராக அடுக்கி வைத்தவர்கள், பூவரசங் குழையும் சீமைக்கிளுவையும் சேர்த்து மாட்டைக் காப்பாற்றிவிடுவார்கள்.

2024 இல் திறக்கப்பட்ட தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் உற்பத்தி செய்யக் கூடியது. குழாய்நீர் கிடைக்கும் வீடுகளில் கிணற்றின் மீதான சுமை குறையும். ஆனால் மின்சாரத்தால் உப்பை நீக்கிய அந்த நீர் விலை கூடியது, தோட்டத்துக்கு உரியதன்று. குழாய் வந்துவிட்டது என்று கிணற்றைக் குப்பைக் குழியாக்குவது அயல் முழுவதன் நீரையும் கெடுக்கும்.

பவுசர் நீரை நம்பியிருக்கும் இடங்களில், வீட்டுக்கு எத்தனை பேர், நோயாளர் எவர், எந்த நாளில் எத்தனை லீற்றர் வந்தது என்ற விபரத்தைச் சனசமூக நிலையத்தில் எழுதிப் பேண வேண்டும். பிரதேச செயலகத்தில் வறட்சி நிவாரணம் பற்றிக் கதைக்கும்போது அந்தப் பதிவேடு கையில் இருக்கட்டும். பவுசர் நீரை நிரப்பும் பொதுத் தொட்டியை இரு கிழமைக்கு ஒருமுறையாவது கழுவி, திறவுகோலை ஒருவர் பொறுப்பில் வைத்து, குழாயடியில் வழியும் நீருக்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டி அருகிலுள்ள மரத்துக்கு விட வேண்டும்.